வீட்டு வேலைக்கு நடுவே கைவேலை
(மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றில், கைத்தொழில் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் கிராமத்துக்கு வந்தால் தவணை கடந்த பாக்கியைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் பாக்கியைப் பற்றிப் பேச வரவில்லை. பாக்கி இல்லையென்று அதற்கு அர்த்தமல்ல. அதைக் காரியதரிசி நாளை வீடு வீடாக வந்து சொல்லுவார். நான் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம், உங்களில் அநேகர் வீட்டில் தினந்தோறும் நடந்து வருவதாயினும் சங்கக் கூட்டங்களில் பேசப்படாததாகும். ஓலைக் கூடை பின்னுவது, பாய் நெய்வது, வலை முடைவது, சிப்பியில் சாமான்கள் செய்வது ஆகிய கைவேலைகளை, சமையலும் குழந்தைகளும் உறவினரும் சிநேகிதரும் நிறைந்த ஒரு குடும்பத்தில் எந்த வேளையில், யாருடைய செலவில் செய்வது என்பதே அது.

நமது பிரதேசம் கூட்டுறவுக்குப் புதியதன்று. 1904ஆம் வருஷத்தில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தபொழுது, அதன் கீழ் முதன்முதலாகப் பதிவு பெற்ற விவசாயச் சங்கம் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூர் கிராமத்துச் சங்கமே. இப்பொழுது அக்கிராமம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. நமது செங்கற்பட்டு 2019ஆம் வருஷத்தில் தனி மாவட்டமாயிற்று. திரூர்ச் சங்கம் பணத்தைக் கணக்கிட்டது. 1935ஆம் வருஷத்தில் ஏற்பட்டு இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் கைத்தறி நெசவாளர் சங்கம் நூலையும் துணியையும் கணக்கிட்டது. எண்ணெய்க்கும் அரிசிக்கும் உரத்துக்கும் நாம் பேரேடு வைத்திருக்கிறோம். வேலை செய்யும் கையின் நேரத்துக்கு மாத்திரம் எந்தச் சங்கத்திலும் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. கைத்தொழில் சங்கங்கள் பல ஆரம்பத்தில் உற்சாகமாக நடந்து, இரண்டாம் வருஷத்தில் தேய்ந்து, மூன்றாம் வருஷத்தில் கலைக்கப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கிராமக் கைத்தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘ஓய்வு நேரம்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லுவார்கள். இந்நாட்டு விவசாயி வருஷத்தில் சில மாதங்கள் வேலையின்றி இருக்கிறான், அம்மாதங்களில் அவன் கை ராட்டையைச் சுற்றட்டும் என்று மகாத்மா காந்தி பலமுறை எழுதினார். 1934ஆம் வருஷத்தில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டு, தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா அதை நடத்தியபொழுதும் அடிப்படை எண்ணம் அதுவே. புருஷர்கள் விஷயத்தில் இது பெரும்பாலும் வாஸ்தவந்தான். நமது பக்கத்து ஏரிப் பாசன நிலங்களில் சம்பா அறுவடையானபின் வயல் கிடக்கிறது, உழுகிறவனும் கிடக்கிறான். கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இயந்திரப் படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது என்று தடை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது சிறு படகுகளும் கரையேறிவிடுகின்றன.

ஆனால் அடுப்புக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டா? அறுவடையானபின் குழந்தைக்குப் பசி நின்றுவிடுகிறதா? 2019ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் ஜனங்கள் தங்கள் நாளை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று நாடெங்கும் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு அவ்வேலை நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் பிடிப்பதாகவும், அதில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிஷம் பிடிப்பதாகவும் அக்கணக்கு தெரிவித்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இதில் கூலி வேலையும் மீன் விற்கப் போவதும் சேரவில்லை. கைவேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓய்வு நேரம் உள்ளவர்களோ பெரும்பாலும் ஆண்கள். இவ்விரண்டையும் ஒன்றென்று நினைத்துத் திட்டம் போட்டால், அத்திட்டத்துக்கு வேண்டிய நேரம் அந்தப் பெண்ணின் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படும். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கடியில் உட்கார்ந்து கூடை பின்னும் சகோதரிகளை இந்தக் கடற்கரைக் கிராமங்களில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களை ‘உழைப்பாளி’ என்று புகழ்ந்து ஆண்டறிக்கையில் எழுதுவது சுலபம். அறிக்கையில் புகழப்பட்டவர்களில் சிலர் அடுத்த வருஷம் கண் வலி, முதுகு வலி என்று சங்கத்தை விட்டு விலகியிருக்கிறார்கள்.

ஆகவே, முதலில் கவனிக்க வேண்டியது எந்தக் கைவேலை எந்த மாதிரியான நேரத்தைக் கேட்கிறது என்பது. எல்லாக் கைவேலையும் ஒரே குணமுடையதன்று.

பனையோலையை எடுத்துக் கொள்ளுங்கள். வெட்டிய குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயம் வேண்டுமானால் கொதிக்கும் சாயநீரில் முக்கி, மறுபடியும் உலர்த்தி வைக்க வேண்டும். பின்னும்போதோ ஓலையில் சிறிது ஈரம் இருக்க வேண்டும். உச்சி வெயிலில், அதுவும் சித்திரை, வைகாசியில் பின்ன உட்கார்ந்தால் ஓலை முறியும். முறிந்த ஓலையில் செய்த கூடையின் விளிம்பு ஒரு மாதத்தில் பிய்ந்துவிடும். பனி இறங்கியிருக்கும் விடியற்காலையும், கடற்காற்று வீசும் மாலையும் ஓலைக்கு உகந்தவை. வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டிய வேளையும் அவ்விரண்டே என்பதுதான் சங்கடம். ஈரத் துணியில் ஓலையைச் சுற்றி வைத்துக்கொண்டு பகல் பத்து மணிக்கு மேல் பின்னுகிறவர்கள் இந்தச் சங்கடத்தைப் பாதி தீர்த்துவிட்டார்கள். இன்னொரு விசேஷம்: ஓலைப் பின்னல் பொறுமையுள்ள வேலை. பாதியில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம், பால் பொங்குகிறதா என்று பார்க்கலாம். திரும்பி வந்து விட்ட கண்ணியிலிருந்து தொடரலாம். அது கோபித்துக் கொள்ளாது.

பழவேற்காட்டில் முஸ்லீம் பெண்மணிகள் தங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் பின்னிப் பெயர் பெற்றிருப்பதற்கு இந்தக் குணமே காரணம். வெளியே சென்று வேலை செய்ய இயலாதவர்களுக்கு, வீட்டின் முற்றத்திலேயே, எழுந்தும் உட்கார்ந்தும் செய்யக்கூடிய தொழில் அது.

தறியோ அப்படிப்பட்டதன்று. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த காஞ்சீபுரத்துப் பட்டுத் தறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவராலேயே மூன்றையும் ஓட்ட முடியாது. மறுபக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதாவது, அந்த வேலைக்கு ஒருவருடைய நேரமன்று, இருவருடைய நேரம் ஒரே சமயத்தில் வேண்டும். கணவன் நெய்தால் மனைவி உட்காருவாள். அவள் எழுந்தால் தறி நிற்கும். தறி நிற்காமலிருக்க வேண்டுமென்று அடுத்தபடியாக யாரை உட்கார வைத்தார்கள்? வீட்டுக் குழந்தையை. காஞ்சீபுரத்துத் தறிகளில் பல தலைமுறைகளாகச் சிறுவர் சிறுமியர் கரை நாடா தள்ளினார்கள். வீட்டுக் குழந்தைகளோடு நிற்காமல், முன்பணத்துக்காக அயல் வீட்டுக் குழந்தைகளும் வந்து உட்கார்ந்தார்கள். 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், தொண்டு செய்வோரின் முயற்சியும், பள்ளிக்கூடங்களும் சேர்ந்து இவ்வழக்கத்தைப் பெரிதும் குறைத்தன. 2016ஆம் வருஷத்துத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்து, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் பெற்றோருக்கு உதவுவதை அனுமதித்தது.

இந்த அனுமதியைப் பற்றி நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தாயின் அருகில் உட்கார்ந்து மகள் ஓலை பின்னக் கற்றுக் கொள்வதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கைத்தொழில் அப்படித்தான் இத்தனை காலம் பிழைத்து வந்திருக்கிறது. ஆனால் சங்கத்துக்கு ஓர் ஆர்டர் வந்து, அது தவணைக்குள் முடியாமல், மகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மாலையில் நாற்பது மூடிகளுக்கு விளிம்பு கட்டினாள் என்றால், அது கற்றுக் கொள்வது அன்று. சட்டம் அதைக் கண்டுபிடிக்குமோ என்னவோ, நாம் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாற்பது மூடிகளும் சங்கத்தின் கணக்கில் லாபமாகத் தோன்றும். மார்க்குப் பட்டியலில் வேறு விதமாகத் தோன்றும்.

கல்வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாமல்லபுரத்துக் கற்சிற்பம் 2017ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. 1957 முதல் அதற்கென அரசாங்கக் கலாசாலையும் இங்கே இருக்கிறது. அது பட்டறையில், முழுநாளும் செய்யும் தொழில்; வீட்டு வேலைக்கு நடுவே செய்வதன்று. மாக்கல்லில் சிறு பொம்மைகளை வீட்டுத் திண்ணையிலேயே தேய்த்து மெருகிடும் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கல் தூசி மார்பைக் கெடுக்கும். தொட்டிலுக்குப் பக்கத்தில் அவ்வேலையைச் செய்யாதீர்கள்.

இனி, சிநேகிதத்துக்கு வருகிறேன். கைவேலையும் சிநேகிதமும் கூடப் பிறந்தவை. இந்தக் கடற்கரையில் பிற்பகலில் நடந்து பார்த்தால், படகின் நிழலில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கிழிந்த வலைக்குக் கண்ணி போட்டுக் கொண்டிருப்பார்கள். வலை ஒருவனுடையது, கை ஐந்து பேருடையது. நாளை மற்றவன் வலை கிழியும். பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்த பின்பும் இது மாறவில்லை. காஞ்சீபுரத்தில் சூரியன் ஏறுவதற்கு முன் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது, ஒரு வீட்டுப் பாவுக்கு அண்டை வீட்டார் கை கொடுப்பார்கள். செட்டிநாட்டில் ‘கொட்டான்’ என்னும் ஓலைப் பெட்டிகளை ஆச்சிமார்கள் முன்னாளில் கூடியிருந்து தாங்களே பின்னினார்கள், மணியும் நூலும் வைத்து அலங்கரித்து, கல்யாணத்தில் பலகாரம் வைத்துக் கொடுப்பதற்கென்றே செய்தவை அவை, கடைக்கு அனுப்புவதற்கன்று. குடும்பங்கள் பட்டணங்களுக்கும் அயல் நாடுகளுக்கும் சிதறிய பின் அவ்வேலை மறையலாயிற்று. 2000ஆம் வருஷத்தையொட்டி விசாலாட்சி ராமசுவாமி அம்மையார் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு நிலையத்தின் மூலம் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். ஆச்சிமாருக்குப் பொழுதுபோக்காக இருந்தது, இப்பொழுது வேறு பெண்களுக்கு வருவாயாக இருக்கிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நாம் நன்றாகப் புரிந்து கொள்ள வேண்டும். ஏனெனில் நம் சங்கங்களில் வரும் சண்டைகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

சண்டை எப்படி வருகிறதென்று பாருங்கள். ஓர் அங்கத்தினர் நல்ல கூடை பின்னுகிறார். பக்கத்து வீட்டுத் தோழி வருகிறாள். “அக்கா, எவ்வளவு அழகாயிருக்கு! எனக்கு ஒண்ணு பின்னிக் கொடேன்” என்கிறாள். இவர் என்ன சொல்ல முடியும்? விலை சொன்னால் “என்னிடமா விலை சொல்லுகிறாய்?” என்று மனத்தாங்கல். சும்மா கொடுத்தால், அவள் நாத்தனாரும் ஒன்று கேட்பாள். பாதி விலை வாங்கினால், முழு விலை கொடுத்தவள் காதில் அது விழாமலிராது. கடனாகக் கொடுத்தால், கூடையும் போய், காசும் போய், கடைசியில் சிநேகிதமும் போகும். சிநேகிதியைத் திருப்தி செய்வதற்காக இரவு கண் விழித்துப் பின்னியவரைப் பார்த்து, “உனக்கு இந்த வேலையால் என்ன பிரயோஜனம்?” என்று வீட்டில் கேட்பார்கள். அக்கேள்வி நியாயமாகவே தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உத்தேசமாக வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலை வேறாயிருக்கலாம். ஒரு கூடையின் விலை 150 ரூபாய். ஓலையும் சாயமும் 40 ரூபாய். பின்ன 6 மணி நேரம். மீதி 110 ரூபாயை 6 மணியால் வகுத்தால் மணிக்கு 18 ரூபாய் சொச்சம். தோழிக்கென்று 100 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு 10 ரூபாய். சும்மா கொடுத்தாலோ, 40 ரூபாயும் 6 மணியும் உங்கள் கையிலிருந்து போயின. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். முழு விலைக்கே விற்றாலும், நமது கூடைக்காரருக்கு எட்டு மணிக்கு 146 ரூபாய்தான் கிடைக்கிறது. அதிலும் தோழிக்குச் சலுகை. இந்தக் கணக்கைப் பார்த்தபின், கூடையின் விலையே குறைவு என்று உங்களுக்குத் தோன்றினால், அது சரியான எண்ணமே. நேரத்தை எழுதி வைக்காதவர்களுக்கு விலை குறைவாயிருப்பது தெரியவே தெரியாது.

அப்படியானால் சிநேகிதருக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாதா? அவ்விதம் சொன்னால் நம்மைக் கல்நெஞ்சர் என்பார்கள், உண்மையும் அதுதான். கையால் செய்த பொருளைக் கொடுப்பதில் ஒரு தனி மதிப்பு உண்டு. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமி இந்தக் கரையை எப்படி அழித்ததென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின், இங்கிருந்து தெற்கே, ஆரோவில்லை அடுத்த மீனவக் கிராமங்களில், உபாசனா என்ற ஆடை நிலையத்தார் பெண்களுக்குத் துண்டுத் துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். ‘சுனாமிகா’ என்று அதற்குப் பெயர். அப்பொம்மையை விற்பதில்லை என்று தீர்மானித்தார்கள். கேட்டவர்களுக்கு அன்பளிப்பாகவே போயிற்று; மனமுவந்தவர்கள் அனுப்பிய நன்கொடையிலிருந்து செய்தவர்களுக்குக் கூலி வந்தது. லக்ஷக்கணக்கான பொம்மைகள் உலகத்தின் பல தேசங்களுக்குச் சென்றன. இதில் நான் கவனிப்பது ஒன்றே. பொம்மை இனாமாகப் போயிற்று. ஆனால் செய்தவளின் நேரம் இனாமாகப் போகவில்லை. எது அன்பளிப்பு, எது கூலி என்பதை முதலிலேயே பிரித்து வைத்தார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. மொய் நோட்டு இல்லாத வீடு இந்த ஊரில் உண்டா? கல்யாணத்துக்கு வந்தவர் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் இருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்தில் நாம் அதைத் திருப்பிச் செய்கிறோம். அன்புக்குக் கணக்கு வைப்பது தமிழருக்குக் கூச்சமான காரியமாக இருந்ததேயில்லை. ஆகவே, ஒவ்வொரு கைவேலைக்காரரும் இரண்டு நோட்டு வைத்துக் கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. ஒன்று விற்பனை நோட்டு. மற்றொன்று மொய் நோட்டைப் போன்ற அன்பளிப்பு நோட்டு. வருஷத்துக்கு இத்தனை கூடைதான் அன்பளிப்பு என்று தை மாதத்திலேயே வீட்டாரோடு பேசி முடிவு செய்து கொள்ளலாம்: நாத்தனார் மகள் வளைகாப்புக்கு ஒன்று, பள்ளித் தோழி புதுமனை புகுவதற்கு ஒன்று, என்று. அவற்றைச் சந்தோஷமாக, அவசரமின்றி, தம்முடைய மிகச் சிறந்த வேலையாகப் பின்னட்டும். மற்றவையெல்லாம் சங்கத்தின் வழியாகப் போகட்டும்.

இங்கேதான் சங்கத்தின் உபயோகம் தெரிகிறது. விலையை அங்கத்தினர் சொல்லக்கூடாது. சங்கம் சொல்ல வேண்டும். தோழி வந்து கேட்டால், “கூடையெல்லாம் சங்கத்தில் கொடுத்துவிட்டேன், அங்கே விலைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது” என்று சொல்லிவிடலாம். தோழிக்குக் கோபம் வந்தால் அது சங்கத்தின் மேல் வரட்டும். சங்கத்துக்குத் தோல் தடிப்பு. காரியதரிசியின் சொந்தக்காரருக்கும் அதே விலைதான் என்பது மட்டும் கண்டிப்பாக நடக்க வேண்டும். நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் விலைப் பட்டியலுக்குக் கீழே பென்சிலால் இன்னொரு பட்டியல் இருந்தது. அச்சங்கம் இப்பொழுது இல்லை.

வீட்டில் செய்யும் தொழிலைச் சங்கமும் சட்டமும் காப்பாற்றுவதற்கு அயல் நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மேற்கேயுள்ள தீவுகளில் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி நெய்கிறார்கள். 1993ஆம் வருஷத்துச் சட்டப்படி, தீவுவாசி ஒருவர் தம் சொந்த வீட்டில் நெய்தால்தான் அத்துணிக்கு அந்தப் பெயர் வைக்கலாம். நூல் சாயமிடுவதும் நூற்பதும், நெய்த துணியைச் சலவை செய்து முடிப்பதும் ஆலையின் வேலை. நெசவு மட்டும் வீட்டு வேலை. எது சேர்ந்து செய்ய வேண்டியது, எது தனியாக அவரவர் நேரத்தில் செய்ய வேண்டியது என்று பிரித்த விதம் நமக்கு உபயோகப்படும்.

ஓலை வேலையில் அவ்வாறு பிரித்துப் பாருங்கள். நேரத்தை விழுங்குவது பின்னல் அல்ல. ஓலை கிடைப்பதும், உலர்த்துவதும், கிழிப்பதும், சாயம் காய்ச்சுவதும்தான். மரம் ஏறுகிறவர்கள் குறைந்து போனார்கள். ஏறுகிறவர் தமக்குச் சௌகரியமான நாளில் வருகிறார். அன்று வீட்டில் என்ன வேலையிருந்தாலும் ஓலையைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே ஓர் அடுப்பு, ஒரு சாயப் பானை, ஒரு பகல். இதைச் சங்கம் மொத்தமாக ஏற்றுக் கொண்டால் என்ன? மாதத்தில் இரண்டு நாள் சங்கமே மரமேறியை ஏற்பாடு செய்து, குருத்தை அளவோடு வெட்டி, ஒரே பெரிய அண்டாவில் சாயம் காய்ச்சி, கிழித்த ஓலையைக் கட்டுக் கட்டாகக் கொடுக்கலாம். அளவோடு என்று ஏன் சொல்லுகிறேனென்றால், ஒரே மரத்தில் குருத்தை மேலும் மேலும் வாங்கினால் மரம் நலியும். பனை நமது ராஜ்யத்தின் மரம், ஒரு பனை பெரிதாக ஒரு தலைமுறை ஆகும். கிழிப்பதற்கு ஆண்கள் வரலாம். தடைக்காலத்தில் சீட்டு விளையாடும் கைகளுக்கு ஓலை கிழிக்கத் தெரியாமலிராது. வலை முடைந்த விரல்கள் அவை.

ஆண்கள் வருவதைப் பற்றி நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மனைவி பின்ன வேண்டிய இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? சமையலைச் சங்கம் செய்ய முடியாது. தண்ணீர் எடுப்பதையோ குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டு விடுவதையோ புருஷர் எடுத்துக் கொண்டால் அன்றி அந்த நேரம் பிறக்காது. கூடைக் காசு வீட்டுக்குத்தானே வருகிறது? வரும்போது மட்டும் அது குடும்பத்தின் காசு, செய்யும்போது அது அவளுடைய பொழுதுபோக்கு என்று வைத்துக் கொள்வது கணக்கு முறைக்கு ஒவ்வாது. மாமியார்மார்களில் சிலர், “எங்கள் காலத்தில் இதையெல்லாம் செய்துகொண்டே வீட்டையும் பார்த்தோம்” என்று சொல்வதுண்டு. அக்காலத்தில் ஒரு வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள். இப்பொழுது ஒருத்தி இருக்கிறாள்.

ஆர்டர் எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். சென்னையிலிருந்து ஒரு கடைக்காரர் கொலுவுக்கென்று முந்நூறு பெட்டி கேட்டால், முந்நூறும் தருகிறோம் என்று உடனே தலையசைக்கக்கூடாது. எத்தனை அங்கத்தினர், வாரத்துக்கு ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி உண்டு, அந்த மாதத்தில் எத்தனை முகூர்த்தம், பள்ளிப் பரீட்சை என்றைக்கு, ஆடியில் அம்மன் கோவில் கூழ் வார்ப்பது எந்த வாரம், இவற்றையெல்லாம் பார்த்தபின் எண்ணிக்கை சொல்ல வேண்டும். நூற்றைம்பது என்று சொல்லி நூற்றைம்பது கொடுத்த சங்கத்துக்குக் கடைக்காரர் மறுபடியும் வருவார். முந்நூறு என்று சொல்லி இருநூற்றுப்பத்து கொடுத்து, அதிலும் அறுபது கோணலாயிருந்த சங்கத்துக்கு வரமாட்டார். பூம்புகார் விற்பனை நிலையம் முதலிய இடங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதுவே விதி.

கூடியிருந்து பின்னுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் தனியே பின்னினால் வேகமாக முடியும் என்று கணக்குச் சொல்லுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சங்கக் கொட்டகையில் செவ்வாயும் வெள்ளியும் கூடிப் பின்னும்போது, கோணலான விளிம்பைப் பக்கத்திலிருப்பவர் உடனே சொல்லிவிடுகிறார். புதிதாக வந்த மருமகள் ஊரோடு பழகுகிறாள். யார் வீட்டில் நோய், யார் தவணை கட்டச் சிரமப்படுகிறார் என்பது என் ரிஜிஸ்டருக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே அங்கே தெரிந்துவிடுகிறது. ஒருவர் பிரசவத்துக்குப் போனால் அவர் பங்கு ஆர்டரை மற்றவர்கள் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொள்ளுவதும் அங்கேதான் நடக்கிறது. வலைக்காரர்கள் படகு நிழலில் செய்வதும் இதுதானே. வம்பும் கொஞ்சம் நடக்கும். அதைத் தடுக்கும் உபவிதி எதுவும் எனக்குத் தெரியாது.

முடிவாக, இன்றைய கூட்டத்தின் தீர்மானப் புஸ்தகத்தில் மூன்று விஷயங்களை எழுதிக் கொள்ளுமாறு காரியதரிசியைக் கேட்டுக் கொள்ளுகிறேன். மாதத்தில் எந்த இரண்டு நாள் பொது ஓலை நாள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். அமாவாசையை ஒட்டி வைத்தால் வலைக்காரர்களும் வரலாமா என்று அவர்களைக் கேட்டுக் கொள்ளுங்கள். விலைப் பட்டியல் தயாரிக்க மூன்று பேர் கொண்ட உபகமிட்டி வேண்டும். அதில் இருவராவது தினம் பின்னுகிறவர்களாயிருக்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு கூடைக்கு எத்தனை மணி ஆயிற்று என்று எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லலாம். அந்த வேலைக்கு மட்டும் பிள்ளைகளைத் தாராளமாக அமர்த்திக் கொள்ளுங்கள்.

இப்பொழுது கேட்க வேண்டியவர்கள் கேட்கலாம். பின்வரிசையிலிருப்பவர்கள் முதலில்.